மடியில் ஒரு மண் மரம்

மொன்றியலின் லாசால் பகுதியில் என் தங்கச்சி வசந்தியின் வீட்டு வாசலில் கால் வைத்ததும் எனக்குக் கிடைத்த வரவேற்பு இதுதான்: "மெல்ல, மெல்ல! பெட்டியை அந்தப் பக்கம் கொண்டு போகாதீங்க அண்ணன்!" விமானம் மாறி விமானம் ஏறி, கால் வீங்கி, பாதி உலகத்தைத் தாண்டி வந்திருக்கிறேன். அவள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. என் கையிலிருந்த பெட்டியைத்தான் கட்டிப்பிடித்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகுதான் அந்த மரத்தைப் பார்த்தேன்.

சோபாவைச் சுவரோடு ஒதுக்கிவிட்டு, அறையின் நடுவில் ஒரு குட்டை மேசை போட்டிருந்தார்கள். அதன்மேல் களிமண்ணால் செய்த மரம் ஒன்று, என் முழங்காலுக்குச் சற்று மேலே வரும் உயரம். கிளைக்குக் கிளை மனிதர்கள். ஒருவர் கழுதையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒருவர் ட்ரம்பெட் ஊதுகிறார். நடுக்கிளையில் ஒரு பெண் முழந்தாளிட்டு, மூன்று கால் வைத்த அம்மியில் எதையோ அரைக்கிறாள். அவள் முதுகில் சால்வையால் கட்டிய கைக்குழந்தை, கன்னம் உப்பித் தூங்குகிறது. எல்லாம் இன்னும் சூளைக்குப் போகாத பச்சை மண். காய்ந்து வெளிறிப்போயிருந்தது. இடித்தால் உதிர்ந்துவிடும், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் என்று வசந்தி எச்சரித்தாள்.

செய்தவள் மரிசோல், வசந்தியின் மருமகள். மெக்சிகோவிலிருந்து வந்த ஒருவரின் மகள், மொன்றியலிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழை மாமியாரிடம் படித்ததால் அது அசல் மட்டக்களப்புத் தமிழாக இருந்தது, பிரெஞ்சு மூக்கோடு. "மாமா, வாங்க. இரிங்க. தேத்தண்ணி போடட்டா?" என்று கேட்டாள். அவள் புருசன், என் மருமகன் ரமணன், வேலை விஷயமாக வேறு மாகாணத்துக்குப் போயிருந்தான். அதனால் அவன் செய்யவேண்டிய ஒரு வேலை என் தலையில் விழப்போகிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

நான் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு முப்பது வருசம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். சிற்பம், கலை என்றால் எனக்குக் கோயில் தேர் மட்டும்தான். ஆனாலும் அன்று சாப்பாட்டு மேசையில் மரிசோல் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சோளமாவு ரொட்டியைக் கிழித்து வசந்தியின் மீன்குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டோம். நம் ரொட்டியை விட மெல்லிசு, குழம்பை நன்றாகக் குடிக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

மெக்சிகோவில் இப்படி மண் மரம் செய்வது பழைய வழக்கமாம். ஆதாம், ஏவாள், பாம்பு, தேவதூதர்கள் என்று வேதக் கதைகளைக் கிளைகளில் உட்கார்த்துவார்கள். மரிசோல் அவர்களை இறக்கிவிட்டுத் தன் அப்பாவின் குடும்பத்தை ஏற்றியிருக்கிறாள். அவர்கள் யாரையும் அவள் நேரில் கண்டதில்லை. மங்கிய சில போட்டோக்களும், அப்பா எப்போதாவது வாய் தவறிச் சொன்ன சில சங்கதிகளும்தான் அவளுக்கு ஆதாரம்.

"வெள்ளிக்கிழமை சூளைக்குப் போகணும் மாமா. சுட்டா பிறகு ஒண்டும் மாத்த ஏலாது. அதுக்கு முதல் அப்பா ஒருக்கா பாக்கணும். இது அவர்ர அம்மாதானா, இல்லாட்டி நான் சும்மா ஆரோ ஒரு பொம்பிளையைச் செஞ்சிட்டனா? எனக்குத் தெரியாது. அவர் பாக்க மாட்டன் எண்டு சொல்றார்."

ஏன் என்று கேட்டேன். மரிசோல் ரொட்டியைப் பார்த்தாள். பதில் வசந்திதான் சொன்னாள். "அவர்ர அம்மா கண்ண மூடி மோசம் போன நேரம் அவரால போக ஏலாமப் போயிட்டு. இஞ்ச விசா அலுவல் முடியல்ல. போனா திரும்பி வர ஏலாது. அதுக்குப் பிறகு அந்த மனிசன் ஊரைப் பத்திக் கதைக்கிறயே இல்ல." எங்கள் ஆட்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

மறுநாள் மரிசோலின் அப்பா, சம்பந்தி எர்னெஸ்டோவே வந்தார். இல்-பிசார் என்கிற பக்கத்துச் சின்னத் தீவில் ஒரு காய்கறித் தோட்டத்தில் வேலை. ஒரு கூடை நிறையக் கீரையும் முள்ளங்கியும் கொண்டுவந்திருந்தார். குட்டையான ஆள், தொப்பி, வெயிலில் கறுத்த கழுத்து. கல்முனைச் சந்தையில் நின்றால் யாரும் வேற்றாள் என்று சொல்லமாட்டார்கள். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆனால் அறைக்குள் வரவில்லை. குசினியில் நின்றபடியே தேத்தண்ணியைக் குடித்தார், மரத்துக்கு முதுகு காட்டி.

மரிசோல் ஸ்பானிய மொழியில் ஏதோ கெஞ்சினாள். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அவர் சொன்னதைப் பிறகு அவள் எனக்கு மொழிபெயர்த்தாள்: "அவங்களை நிம்மதியா இருக்க விடு."

அவர் போகும்போது இடுப்பில் சாவிகள் கோத்த திறப்புக்கொத்து ஆடியது. டிரைவர் கண்ணுக்குத் திறப்பு தப்பாது. பழந்திறப்புகளுக்கு நடுவே வழவழப்பான ஒரு விதை தொங்கியது, பூனைக்காலி விதையைவிடப் பெரியது, கருஞ்சிவப்பில். மனிசன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேனே.

வியாழக்கிழமை வீட்டுக்குள் நடமாடவே பயமாக இருந்ததால் வெளியே போய்விட்டேன். பஸ் பார்க்கப் போனேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அதைத்தான் செய்தேன். இந்த ஊர் பஸ் வயசாளிகளைக் கண்டால் ஒரு பக்கமாகக் குனிந்துகொடுக்கிறது. புட்போர்டில் யாரும் தொங்குவதில்லை. இறங்குகிறவர்களில் பலர் பின்கதவிலிருந்தே டிரைவரைப் பார்த்து "மெர்சி" என்று கத்திவிட்டுப் போகிறார்கள். என் பஸ்ஸில் இறங்கும்போது ஆட்கள் கத்தியதை இங்கே எழுத முடியாது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

பக்கத்து சீட்டில் இருந்த சென்னைப் பையன் ஒருவன், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவனாம், நான் வசந்தியோடு போனில் கதைப்பதைக் கேட்டுத் திரும்பினான். "அங்கிள், எங்க போகணும்? மெட்ரோக்குன்னா அடுத்த ஸ்டாப்ல இறங்கிடுங்க" என்றான். எங்கேயும் போகவேண்டாம், பஸ்ஸைத்தான் பார்க்கிறேன் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அவனே இறங்கிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை. சூளை இருக்கும் பட்டறை சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், மொன்றியல் தீவின் மேற்கு முனையில். மரிசோலின் கார் சின்னது. மரத்தைப் பின்சீட்டில் வைத்துக் கட்டினாலும் குலுக்கலில் உடையும். ஒரே வழி, ஒரு ஆள் மடியில் வைத்துக்கொண்டு போவது. ரமணன் இல்லாததால் அந்த ஆள் நான்.

கிளம்புமுன் மரிசோல் காரை எடுக்கக் கீழே போனாள். அந்த இடைவெளியில் வசந்தி சாமி அறையிலிருந்து கண்மைச் சிமிழோடு வந்தாள். எனக்கு முன்னாலேயே, சின்னி விரலால், அந்த மண் குழந்தையின் கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டு வைத்தாள்.

"என்ன வேலை பாக்கிறாய்?" என்றேன்.

"ரோட்டு நீளத்துக்கு எத்தனை பேர்ர கண் படும் அண்ணன்? கன்னத்தைப் பாருங்க, எவ்வளவு வடிவா இரிக்கு. அவளுக்குச் சொல்லாதீங்க." சொல்லிவிட்டு, தன் பழைய வாயில் சேலை ஒன்றால் மரத்தை மூடிவிட்டாள். எங்கள் வீட்டில் எந்தக் குழந்தையும் பொட்டில்லாமல் வெளியே போனதில்லை. மண் குழந்தைக்கு மட்டும் விதிவிலக்கு கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன். அது பிழை என்று தெரிந்தேதான் மூடிக்கொண்டேன்.

மொன்றியல் ரோட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கனடா ரோட்டு கண்ணாடி போல இருக்கும் என்று எனக்குச் சொன்னவர்களை இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். பனி உருகிய பிறகு இங்கே ரோட்டில் விழுகிற குழிகள் இருக்கிறதே, நம் ஊரில் வெள்ளம் வடிந்த பிறகு விழுகிற குழிகளுக்குச் சொந்த மச்சான்மார். அவற்றை மூடுவதற்காகக் கோடை முழுக்க வேலை. போன இடமெல்லாம் செம்மஞ்சள் கூம்புகள். போன் ஒரு வழி சொல்லும், அங்கே கூம்பு. இன்னொரு வழி சொல்லும், அங்கேயும் கூம்பு.

ஒவ்வொரு குழிக்கும் நான் மரத்தோடு சேர்ந்து மூச்சைப் பிடித்தேன். கை மரத்துப்போய்விட்டது. கடைசியில் எனக்குப் பொறுமை போனது. "அந்தப் போனை நிப்பாட்டு மகள். கூம்பு இல்லாத ரோட்டைப் பிடி. நான் சொல்றன்" என்றேன். முப்பது வருச டிரைவர் சொன்னால் யார் மறுப்பார்கள்? வலது, இடது, மறுபடி வலது. ரோடு அமைதியாகிக்கொண்டே போனது. ஒரு பாலம் ஏறி இறங்கினோம். பெரிய பெரிய தனி வீடுகள், புல்தரை, ஒரு பஸ்கூட இல்லை. நான் பெருமையாக மரிசோலைப் பார்த்தேன். ரோடு போய் ஆற்றுக்குள் இறங்கியது.

ஆம், ஆறு. கார்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் ஒரு சின்னப் பாதைப்படகு நின்றது. மட்டக்களப்புப் பக்கம் குருமண்வெளியில் நாங்கள் ஆறு கடக்கிற பாதை போலவே. அதிலிருந்த ஆள் "போன்ஜூர்" என்று உற்சாகமாகக் கையசைத்து எங்களை ஏறச் சொன்னார். அதில் ஏறினால் அக்கரையில் லாவலில் இறங்குவோமாம். நாங்கள் போகவேண்டியது நேர் எதிர்ப்பக்கம்.

"மாமா, இது இல்-பிசார்" என்றாள் மரிசோல். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். சூளைக்காரி மதியத்துக்குமுன் கதவை மூடிவிடுவாள் என்று மட்டும் சொன்னாள். அவசரமாகக் காரைத் திருப்பினாள். ரோட்டு ஓரத்தில் இருந்த ஒரே குழிக்குள் முன்சில்லு இறங்கியது. டப் என்று சத்தம். காற்று போனது.

மரம் பிழைத்தது. சேலைக்குள் கையை விட்டு ஒவ்வொரு கிளையாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நான் மூச்சு விட்டேன். சில்லு மாற்றுவது எனக்கு அஞ்சு நிமிச வேலை. ஆனால் ஜாக் இல்லை. பனிக்கால டயரைக் கழற்றியபோது ரமணன் அதை வீட்டு நிலவறையிலேயே விட்டிருக்கிறான். மரிசோல் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டாள். இந்தத் தீவில் அவளுக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். போனை எடுத்தாள்.

எர்னெஸ்டோ தன் பிக்கப்பில் வந்து இறங்கினார். கையில் ஜாக், முகத்தில் சேறு. காருக்குள் சேலை சுற்றிய என் மடியைக் கண்டதும் பார்வையைத் திருப்பிக்கொண்டார். நேராகச் சில்லுப் பக்கம் போய்க் குந்தினார்.

காரைத் தூக்கும்போது மரம் உள்ளே இருக்கக்கூடாது. புல்தரையில் வைக்கலாம் என்றால் அது ஈரம். நான் மெதுவாக இறங்கி அவர் முன்னால் போய் நின்றேன். சில்லை நான் பார்க்கிறேன், நீங்கள் இதைப் பிடியுங்கள் என்று என் பஸ்ஸ்டாண்ட் ஆங்கிலத்தில் சொல்லி, மரத்தை நீட்டினேன். வேண்டுமென்றே செய்தீர்களா என்று வசந்தி பிறகு கேட்டாள். ஓம், வேண்டுமென்றேதான். நீட்டிய பொருளை வாங்காமல் இருக்க அவரால் முடியவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நான் குந்தி நட்டுகளைத் தளர்த்தினேன். ஆற்றுக் காற்று அடித்தது. சேலை நழுவியது. நிமிர்ந்து பார்த்தபோது அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காமல் எங்கே போவார், முகத்துக்கு நேரே அல்லவா இருக்கிறது.

முதலில் அலறியது மரிசோல்தான். "ஐயோ, என்ன இது கன்னத்தில?" துடைக்கக் கையை நீட்டி, பாதியில் நிறுத்தினாள். ஈரத் துணி வைத்தால் கன்னம் கரையும். உலர்ந்த துணி வைத்தால் உடையும். "மாமி!" என்றாள், லாசால் இருக்கும் திசையைப் பார்த்து. கண்ணீர் வந்துவிட்டது.

எர்னெஸ்டோ ஏதோ கேட்டார். இது என்ன என்று கேட்கிறார் என்பது எனக்கே புரிந்தது. நான் என் கண்ணைத் தொட்டுக் காட்டினேன். பிறகு குழந்தையைக் காட்டினேன். பிறகு, நம் வழக்கப்படி, பக்கத்தில் தூ தூ என்று துப்பிக் காட்டினேன்.

அவர் முகம் மாறியது. மகளிடம் வேகமாகப் பேசினார். கையில் மரம் இருந்ததால் தாடையால் தன் இடுப்பைக் காட்டினார். மரிசோல் அவருடைய திறப்புக்கொத்தைக் கழற்றினாள். அந்த விதை.

அவர் பேசப் பேச அவள் எனக்கு மொழிபெயர்த்தாள், ஆங்கிலமும் தமிழுமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. கண்ணூறு படாமல் இருக்க அவர்கள் ஊரில் குழந்தையின் மணிக்கட்டில் சிவப்பு நூலில் இந்த விதையைக் கோத்துக் கட்டுவார்களாம். அவருடைய அம்மா எல்லாப் பிள்ளைக்கும் கட்டியிருக்கிறாள். கடைக்குட்டி இவர்தான். மரத்தில் முதுகில் தூங்குகிற குழந்தையும் இவர்தான். கனடாவுக்குக் கிளம்பிய அன்று, மீசை வைத்த இளந்தாரிக்கு, பஸ்ஸடியில் எல்லோரும் பார்க்க அவள் மறுபடியும் கட்டிவிட்டாளாம்.

"எனக்கு வெக்கமாப் போச்சு. பஸ் திரும்பினதும் கழட்டிப் பைக்குள்ள போட்டன். அதுக்குப் பிறகு அவவைக் காணல்ல" என்றார் எர்னெஸ்டோ, மகளின் வாய் வழியாக.

நான் சில்லை விட்டுவிட்டு நின்றேன். என் பஸ்ஸின் கண்ணாடியில் நான் பார்த்த பையன்கள் எல்லோரும் அங்கே வந்துவிட்டார்கள். வெளிநாடு போகக் கொழும்புக்கு ஏறுகிற பிள்ளைகள். ஜன்னல் வழியாக அம்மா நெற்றி நிறையத் திருநீறு பூசிவிடுவாள். வழியில் வாழைச்சேனை தாண்டுமுன் துடைத்துவிடுவார்கள். சிலர் வெட்கத்தில், சிலர் சோதனைச் சாவடிக்குப் பயந்து. கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே நான் கியர் மாற்றியிருக்கிறேன். இதை எர்னெஸ்டோவுக்குச் சொன்னேன். மரிசோல் மொழிபெயர்த்தாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்கள் நிறைந்திருந்தன, என்னுடையவையும்தான்.

பிறகு அவர் மகளைத் திட்டத் தொடங்கினார். உண்மையாகவே திட்டினார். குழந்தையின் மணிக்கட்டில் நூல் எங்கே? தன் அண்ணன் ட்ரம்பெட்டை இப்படியா பிடிப்பான்? கழுதைக்கு ஒரு காது கிழிந்திருக்குமே! மரிசோல் அழுதுகொண்டே சிரித்தாள். "அம்மா? அம்மா சரியா?" என்று கேட்டாள். அவர் அம்மி அரைக்கிற பெண்ணை நெடுநேரம் பார்த்தார். "மூக்கு சரியில்லை" என்றார். "கை அவளுடையதுதான்."

காய்ந்த மண்ணில் புது மண் ஒட்டாதாம். கீறலாம். அவர் தோட்டக் கத்தியை எடுத்து, மூச்சை அடக்கி, அதன் நுனியால் குழந்தையின் மணிக்கட்டைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று கீறினார். அதற்குள் மரம் என் கைக்கு வந்திருந்தது. என் கை ஆடவில்லை.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வரை அவர் பிக்கப்பில் முன்னால் போனார். குழி வரும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே கையைப் போட்டு எந்தப் பக்கம் என்று காட்டினார். எனக்கு இப்படி ஒரு கண்டக்டர் கிடைத்ததேயில்லை. சூளைக்காரி கதவைச் சாத்தப் போகும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். மரத்தை உள்ளே வைத்து, சூளைக் கதவை மூடினார்கள்.

சுட்டு, ஆறும்வரை திறக்கக்கூடாது. அந்தச் சனி, ஞாயிறு வசந்தி என்னோடு பேசவில்லை. பொட்டைப் பற்றி மரிசோலிடம் நான்தான் கோள் சொன்னேன் என்று நினைத்தாள். மரிசோல் அவளைக் கட்டிக்கொண்டு நடந்ததைச் சொன்ன பிறகும் அவள் தெளியவில்லை. மை குழந்தையின் முகத்தைக் கெடுத்துவிடுமோ என்ற பயத்தில் சாமி அறையே கதி என்று கிடந்தாள். அவள் வைத்த புட்டில் உப்பே இல்லை. நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை எல்லோரும் போனோம். ரமணனும் வந்துவிட்டான். எர்னெஸ்டோ புதுச் சட்டை போட்டிருந்தார். கதவு திறந்தது. மரம் செங்கல் நிறத்தில், தட்டினால் கிண்ணென்று ஒலிக்கிற உறுதியோடு நின்றது. ட்ரம்பெட்டின் வாய் மட்டும் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. மற்றதெல்லாம் முழுசு. "கன்னம்?" என்றாள் வசந்தி, கண்ணை மூடிக்கொண்டு. கன்னத்தில் ஒன்றுமே இல்லை. கரி எல்லாம் எரிந்து போய்விடும் என்று சூளைக்காரி சிரித்தாள். மணிக்கட்டில் கோடு மட்டும் அப்படியே இருந்தது.

"பாத்தீங்களா, பொட்டு கண்ணூறை எடுத்துக்கிட்டுப் போயிட்டு" என்றாள் வசந்தி. அவள் முகத்தில் இரண்டு நாள் கழித்து இரத்தம் ஓடியது. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. எர்னெஸ்டோ மெல்லிய தூரிகை வாங்கி, அந்தக் கோட்டைத் தானே சிவப்பாக்கினார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேல்கிளையிலிருந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லத் தொடங்கினார். யார் என்ன சாப்பிடுவார், யார் யாரோடு சண்டை. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் அவர் நடுக்கிளைக்கு வரவில்லை.

நான் திரும்புகிற நாள் விமான நிலையத்துக்கு அவரும் வந்தார். வாசலில், தள்ளுவண்டிகளுக்கு நடுவில், என் இடது கையைப் பிடித்து ஒரு சிவப்பு நூலைச் சுற்றினார். விதை கோக்கவில்லை, அதை எந்த நாட்டுச் சுங்கத்திலும் விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். சுற்றி நின்ற சனம் பார்த்தது. நரைத்த தலையோடு, அறுபது தாண்டிய ஒரு ஆளுக்குக் கையில் நூல் கட்டினால் யார்தான் பார்க்கமாட்டார்கள். எனக்குக் காது சுட்டது. அவர் மூன்று முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை விட்டார்.

சோதனைத் தட்டில் பெல்ட்டைக் கழற்றினேன், மணிக்கூட்டைக் கழற்றினேன், சப்பாத்தைக் கழற்றினேன். அங்கிருந்த பெண் என் மணிக்கட்டைப் பார்த்து அது என்ன என்று கேட்டாள். வீட்டில் கட்டிவிட்டது என்றேன். கட்டுநாயக்காவில் இறங்கி மட்டக்களப்பு பஸ் ஏறி, வாழைச்சேனை தாண்டியும் அது என் கையில்தான் இருந்தது.